ஒட்டுண்ணியும் கொழுப்புத் திசுவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போன மாதம் சித்தி போனில் கேட்டார்: "வயித்துல பூச்சி இருக்கறவங்களுக்கு சுகர் வராதாமே, நெசமாடா?" சிரித்து மழுப்பிவிட்டுப் பேச்சை மாற்றப் பார்த்தேன், மனசு வரவில்லை. அதில் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதியில் ஒரு பங்கு சென்னையில் நடந்த ஆய்வில் கிடைத்தது. மீதிப் பாதியை நம்பி நடந்தால் உடம்பு கெட்டுப்போகும். சித்திக்குச் சொன்ன பதிலும், அதைத் தொட்டு வீட்டிலும் நண்பர்களிடமும் கிளம்பிய கேள்விகளும்தான் இங்கே இருக்கின்றன. பதில் புரிய முதலில் கொழுப்புத் திசுவைப் புரிந்துகொள்ள வேண்டும், அதனால் அங்கிருந்து தொடங்குகிறேன். நான் மருத்துவன் இல்லை, உயிரியல் படித்தவன். அவரவர் உடம்புக்கான முடிவை அவரவர் டாக்டரிடம் கேட்டு எடுங்கள்.

கொழுப்புத் திசு என்பது வெறும் சேமிப்புக் கிடங்குதானே? அது கெட்டால் என்ன?

ரொம்ப நாள் எல்லோரும் அப்படித்தான் நினைத்தோம். மிஞ்சிய சோற்றைப் போட்டு வைக்கும் குதிர் மாதிரி ஒன்று என்று. 1994-ல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழு லெப்டின் என்ற ஹார்மோனைக் கண்டுபிடித்ததும் அந்த எண்ணம் உடைந்தது. இதைச் சுரப்பது கொழுப்பு செல். "இருப்பு போதும், சாப்பாட்டை நிறுத்தலாம்" என்று மூளைக்குச் சொல்லி அனுப்புவது இதன் வேலை. அடுத்த வருடமே அடிப்போநெக்டின் என்ற இன்னொன்று வெளியே வந்தது. ஈரலும் தசையும் இன்சுலினின் சொல் கேட்டு நடக்க இது துணை செய்கிறது. தொப்பை போடப் போட இது இரத்தத்தில் குறையும். சர்க்கரை நோய்க்காரர்களிடமும் குறைவாகவே இருக்கும்.

போதாததற்கு, கொழுப்புத் திசுவுக்குள் நோய் எதிர்ப்பு செல்களும் கூட்டமாகக் குடியிருக்கின்றன. அவை அமைதியாக இருக்கும்வரை உடம்பு இன்சுலினுக்குக் கட்டுப்படும். அங்கே சண்டை மூண்டால் சர்க்கரைக் கணக்கு குழம்பும். ஆக, கொழுப்புத் திசுவும் ஓர் உறுப்புதான். ஈரலுக்கும் கணையத்துக்கும் கொடுக்கும் மரியாதையை அதற்கும் கொடுக்க வேண்டும்.

சரி, ஒட்டுண்ணிக்கு அங்கே என்ன வேலை?

தங்கவும் தின்னவும் தோதான இடம். கொழுப்பு செல் நீண்ட ஆயுசு உள்ளது. வருடத்துக்குச் சுமார் 10 சதவீதம் மட்டுமே புதிதாக மாறுகிறது என்று 2008-ல் ஸ்வீடனில் கணக்கிட்டார்கள். (அதற்கு அவர்கள் பயன்படுத்தியது பழைய அணுகுண்டுச் சோதனைகள் காற்றில் விட்டுச்சென்ற கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பன். எதற்கோ செய்த பாவம் எதற்கோ உதவியிருக்கிறது.) குடலின் உள்சுவர் செல் மாதிரி நாலு நாளில் உதிர்ந்துபோகும் வீடு இல்லை இது. உள்ளே எண்ணெய்த் துளியாக எரிபொருளும் தயாராக இருக்கிறது.

இதற்கு நன்றாக ஆராயப்பட்ட உதாரணம் எது?

சாகஸ் நோய். லத்தீன் அமெரிக்காவின் நோய். கார்லோஸ் சாகஸ் என்ற பிரேசில் மருத்துவர் ரயில் பாதை போடும் தொழிலாளர்களிடையே மலேரியாவைக் கட்டுப்படுத்த மினாஸ் ஜெராய்ஸ் மாநிலத்தின் லாசான்ஸ் ஊருக்குப் போனார். அங்கே மண்சுவர் வீடுகளின் வெடிப்பில் ஒளிந்திருந்து, ராத்திரி தூங்குகிறவர் முகத்தில் இரத்தம் குடிக்கும் ஒரு பூச்சியைப் பற்றிக் கேள்விப்பட்டார். ஊர்க்காரர்கள் அதை 'பார்பெய்ரோ', அதாவது நாவிதன் என்பார்கள். முகத்தில் வேலை செய்கிறதே! அதன் குடலில் ஓர் ஒற்றைச் செல் ஒட்டுண்ணியைப் பார்த்தார். 1909 ஏப்ரலில் அதே ஒட்டுண்ணி காய்ச்சலில் கிடந்த இரண்டு வயதுச் சிறுமியின் இரத்தத்திலும் இருந்தது. தன் ஆசான் ஓஸ்வால்டோ குரூஸ் பெயரால் அதற்கு டிரிப்பனோசோமா குரூசி என்று பெயர் வைத்தார். கிருமியையும் அதைக் கடத்தும் பூச்சியையும் அது தரும் நோயையும் ஒரே ஆள் கண்டுபிடிப்பது மருத்துவ வரலாற்றில் அபூர்வம்.

பூச்சி கடிப்பதால் மட்டும் நோய் வருவதில்லை. கடித்த கையோடு அங்கேயே கழிவையும் போட்டுவிட்டுப் போகும். நாம் சொறியும்போது கழிவில் உள்ள ஒட்டுண்ணி காயத்தின் வழியாகவோ கண் வழியாகவோ உள்ளே போகிறது. தாயிடமிருந்து சிசுவுக்கும், இரத்தம் ஏற்றும்போதும், பூச்சி விழுந்து அரைபட்ட கரும்புச் சாறு, அசாயி என்ற பனைவகைப் பழத்தின் சாறு வழியாகவும் தொற்றும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி சுமார் 70 லட்சம் பேரிடம் இந்தத் தொற்று இருக்கிறது. பெரும்பாலோருக்கு அது இருப்பதே தெரியாது. இருபது, முப்பது வருடம் சும்மா இருந்துவிட்டு, மூன்றில் ஒருவருக்கு இதயத்தைப் பிடிக்கும்.

அத்தனை வருடம் அது எங்கே ஒளிந்திருந்தது என்ற கேள்விதான் ஆராய்ச்சியாளர்களைக் கொழுப்புத் திசுவின் பக்கம் திருப்பியது.

எலிகளில் என்ன பார்த்தார்கள்?

நியூயார்க்கின் ஆல்பர்ட் ஐன்ஸ்டைன் மருத்துவக் கல்லூரியில் ஒட்டுண்ணி நிபுணர் ஹெர்பர்ட் டானோவிட்ஸ் இருந்தார். அடிப்போநெக்டினைக் கண்டவர்களில் ஒருவரான ஃபிலிப் ஷெரரும் அங்கே இருந்தார். இருவர் குழுவும் சேர்ந்தபோது விஷயம் பிடிபட்டது. 2005-ல் அவர்கள் வெளியிட்ட முடிவின்படி, குரூசி ஒட்டுண்ணி கொழுப்பு செல்லுக்குள் புகுந்து அங்கேயே பெருகுகிறது. தொற்றி 300 நாள் ஆன எலிகளின் கொழுப்பிலும் அதன் தடயம் இருந்தது. எலியின் ஆயுசுக்கு 300 நாள் என்பது நம் கணக்கில் பல பத்தாண்டுகள்.

இரத்தத்தில் அடிப்போநெக்டின் அளவு இறங்கியது. கொழுப்பைச் சுற்றி மேக்ரோபேஜ் என்கிற துப்புரவு செல்கள் குவிந்து அழற்சி மூண்டது. அதே குழுவில் இருந்த நாகஜோதி பிற்பாடு நடத்திய ஆய்வுகளில், தொற்றின் தொடக்க வாரங்களிலேயே கொழுப்பு செல்கள் தம் எண்ணெய் இருப்பை உடைத்து இரத்தத்தில் கொட்டுவது தெரிந்தது. அப்படிக் கொட்டிய கொழுப்பு எங்காவது போய்த்தானே ஆக வேண்டும்? ஈரலும் இதயமும் அதை வாங்கிக்கொள்கின்றன. ஏற்கெனவே ஒட்டுண்ணியால் அடிபட்ட இதயத்துக்கு இந்தக் கூடுதல் சுமையும் சேர்வதுதான் சேதத்தை வளர்க்கிறது என்பது அந்தக் குழுவின் வாதம்.

அடிப்போநெக்டின் குறைந்தால் சர்க்கரை ஏறத்தானே வேண்டும்?

நியாயமான சந்தேகம். எனக்கும் வந்தது. ஆனால் தொற்றின் உச்சத்தில் அந்த எலிகளுக்கு இரத்தச் சர்க்கரை இறங்கியது. அதுவும் சாவோடு சேர்த்துப் பார்க்கும் அளவுக்கு இறங்கியது. 'அழற்சி வந்தால் சுகர் ஏறும்' என்ற ஒற்றை வரிக் கணக்கு இங்கே செல்லவில்லை. கடும் தொற்றில் தின்பது குறைகிறது, ஒட்டுண்ணியும் எதிர்ப்பு செல்களும் குளுக்கோஸைப் போட்டி போட்டுக்கொண்டு எரிக்கின்றன. அந்தப் புயலில் ஹார்மோனின் மெல்லிய குரல் எடுபடுவதில்லை. மெட்டபாலிசம், அதாவது உடம்பு சத்தை எரித்தும் சேமித்தும் நடத்தும் கணக்கு, கெடுவது என்றால் சர்க்கரை ஏறுவது மட்டும் என்று நாம் பழகிவிட்டோம், இறங்குவதும் கெடுவதுதான்.

இதெல்லாம் எலிக் கதை. மனிதரிடம் பார்த்தார்களா?

பார்த்தார்கள். சாகஸ் முற்றி இதயத் துடிப்பு தடுமாறுகிறவர்களுக்கு பேஸ்மேக்கர் போன்ற கருவியை மார்புத் தோலுக்கு அடியில் பொருத்துவார்கள். அப்போது தோலடிக் கொழுப்பில் துளி எடுத்து மரபணுச் சோதனை செய்தபோது, சிலரிடம் குரூசியின் டிஎன்ஏ கிடைத்தது. 2011-ல் பிரேசில் ஆய்வாளர்கள் வெளியிட்டது இது. எல்லோரிடமும் கிடைக்கவில்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை. டிஎன்ஏ கிடைத்தது என்பதால் கொழுப்புதான் தலைமையகம் என்று முடிவு கட்டக் கூடாது. ஒளிவிடும்படி மாற்றிய ஒட்டுண்ணியை எலிக்குள் விட்டு, உயிரோடு படம் பிடித்த லண்டன் ஆய்வாளர்கள் நாட்பட்ட தொற்றில் அதிகம் பார்த்தது குடலையும் இரைப்பையையும்தான். கொழுப்பு ஒரு மறைவிடம். ஒரே மறைவிடம் அல்ல.

கொழுப்பு அதிகம் சாப்பிட்டால் ஒட்டுண்ணிக்குத் தீனி போடுவதாகுமா?

எதிர்பார்ப்பு அதுதான். நடந்தது வேறு. கொழுப்பு மிகுந்த தீனி கொடுத்த எலிகள் தொற்றின் தொடக்கக் கட்டத்தில் சாதாரணத் தீனி தின்ற எலிகளைவிடக் குறைவாகச் செத்தன. இரத்தத்தில் ஒட்டுண்ணி எண்ணிக்கையும் குறைவு. ஒட்டுண்ணிகள் பெருத்த கொழுப்புக்குள் போய் அடைந்துகொண்டு இதயத்தைக் கொஞ்சம் விட்டுவைத்தன என்று இதை விளக்கலாம். இது எலி, தொடக்கக் கட்டம், ஆய்வகத் தீனி. இதை வைத்து யாரும் வறுவல் கடைக்குக் கிளம்ப வேண்டாம்.

மருந்து கொடுத்து ஒட்டுண்ணியைக் கொன்றுவிட்டால் எல்லாம் சரியாகிவிடாதா?

சீக்கிரம் கொடுத்தால் ஆகும். பென்ஸ்நிடசோல், நிஃபுர்டிமாக்ஸ் என்று இரண்டு மருந்துகள் உண்டு. தொற்றிய புதிதில், குறிப்பாகப் பிறந்த குழந்தைகளிடம், கிட்டத்தட்ட முழுமையாகக் குணமாகிறது. வருடங்கள் ஓடினால் பலன் குறையும். இதயம் பாதிக்கப்பட்ட 2,854 பேரிடம் பென்ஸ்நிடசோலைச் சோதித்த பெரிய ஆய்வின் முடிவு 2015-ல் வந்தது. இரத்தத்தில் ஒட்டுண்ணியின் தடயம் நன்றாகவே குறைந்தது, ஆனால் இதய நோய் முற்றுவது குறையவில்லை. கிருமி போன பிறகும் அது கிளப்பிவிட்ட கோளாறு தன் போக்கில் ஓடுகிறது என்றுதான் எனக்குப் படுகிறது.

ஆப்பிரிக்கத் தூக்க நோயும் இதே குடும்பம்தானே?

ஒரே குடும்பம், குணம் வேறு. டிரிப்பனோசோமா புரூசி செட்சி ஈ கடித்து வருவது. செல்லுக்குள் புகாது, செல்களுக்கு நடுவே நீந்தும். நூறு வருடத்துக்கு மேலாக இது இரத்தத்திலும் மூளையைச் சுற்றிய திரவத்திலும் வாழ்வது என்றே பாடம் நடந்தது. 2016-ல் லிஸ்பனில் லூயிசா ஃபிகெய்ரேடோ குழு, எலியின் கொழுப்புத் திசுவில் இது கும்பலாக வாழ்வதைக் காட்டியது. அங்கே போனதும் சமையலையே மாற்றிக்கொள்கிறது. இரத்தத்தில் குளுக்கோஸை நம்பி வாழ்வது, கொழுப்பில் கொழுப்பு அமிலத்தை எரிக்கக் கற்றுக்கொள்கிறது.

இதற்கு 2023-ல் ஒரு திருப்பம் வந்தது. தூக்க நோய் வந்தவர் இளைத்துத் துரும்பாவது தெரிந்த விஷயம். ஒட்டுண்ணி உறிஞ்சுவதால் இளைக்கிறார் என்பதே பொதுவான நினைப்பு. அதே லிஸ்பன் குழு, கொழுப்பை உடைக்கும் நொதியைக் கொழுப்பு செல்லில் மட்டும் இல்லாமல் செய்த எலிகளுக்குத் தொற்று கொடுத்துப் பார்த்தது. கொழுப்பு கரையாத அந்த எலிகள் சீக்கிரம் செத்தன. கொழுப்பில் ஒட்டுண்ணியும் கூடுதலாக இருந்தது. அதாவது உடைந்து வெளிவரும் கொழுப்பு அமிலம் அளவு மீறினால் ஒட்டுண்ணிக்கே விஷம். இளைப்பதில் ஒரு பங்கு, உடம்பு தன் சொத்தை விற்று நடத்தும் சண்டை.

மலேரியா?

எலி மலேரியாவில், தொற்றிய சிவப்பணுக்கள் நுரையீரலிலும் கொழுப்புத் திசுவிலும் போய் ஒட்டிக்கொள்வது 2005-லேயே படம் பிடிக்கப்பட்டது. மனிதரிடம் ஃபால்சிபாரம் என்ற ஆபத்தான வகை மலேரியா முற்றும்போது சர்க்கரை திடீரென இறங்கும், குழந்தைகளிடமும் கர்ப்பிணிகளிடமும் அதிகம். அதனால்தான் அங்கே குளுக்கோஸ் அளவை அடிக்கடி பார்ப்பார்கள்.

இப்போது சித்தியின் கேள்வி. புழு இருந்தால் சுகர் வராதா?

இதுவரை பார்த்தவை ஒற்றைச் செல் ஒட்டுண்ணிகள். புழுக்கள் வேறு ஜாதி. அவை உடம்புக்குள் பல வருடம் குடியிருக்க வேண்டியவை, வீட்டுக்காரரோடு சண்டை போட்டுக்கொண்டே இருந்தால் கட்டுப்படியாகாது. அதனால் எதிர்ப்பு சக்தியைச் சமாதானப் போக்குக்குத் திருப்பிவிடுகின்றன.

2011-ல் சான் ஃபிரான்சிஸ்கோவில் அஜய் சாவ்லா குழு செய்த எலி ஆய்வு இதைக் கொழுப்போடு முடிச்சுப் போட்டது. குடலில் வாழும் நிப்போஸ்ட்ராஞ்சிலஸ் புழுவைக் கொழுத்த எலிகளுக்குக் கொடுத்தார்கள். ஈசினோபில் என்ற வெள்ளையணுக்கள் கொழுப்புத் திசுவில் கூடின. அவை அனுப்பிய சமிக்ஞையால் அங்கிருந்த மேக்ரோபேஜ்கள் சண்டையை விட்டுப் பராமரிப்பு வேலைக்குத் திரும்பின. எலியின் கொழுப்பு குறைந்தது, குளுக்கோஸைக் கையாளும் திறன் கூடியது. குரூசி கொழுப்புக்குள் மேக்ரோபேஜ்களைச் சண்டைக்கு இழுத்தது என்றால், இந்தப் புழு அதே செல்களைச் சாந்தப்படுத்துகிறது. அதனால் 'ஒட்டுண்ணி மெட்டபாலிசத்தைக் கெடுக்கும்' என்றும் பொதுவாகச் சொல்ல முடியாது, 'காக்கும்' என்றும் சொல்ல முடியாது. எந்த ஒட்டுண்ணி என்று முதலில் கேட்க வேண்டும்.

சென்னை ஆய்வு என்றீர்களே, அது என்ன?

'கியூர்ஸ்' என்று சுருக்கமாக அழைக்கப்படும் சென்னை நகர்ப்புற, கிராமப்புற நோய்ப்பரவல் ஆய்வு. அதில் சேகரித்த இரத்த மாதிரிகளில் யானைக்கால் புழுத் தொற்று இருக்கிறதா என்று தேடினார்கள். 2010-ல் வெளியான முடிவு: சர்க்கரை நோய் இல்லாதவர்களில் 10.4 சதவீதம் பேரிடம் தொற்று. புதிதாகச் சர்க்கரை கண்டறியப்பட்டவர்களில் 5.7, ஏற்கெனவே சிகிச்சையில் இருந்தவர்களில் 4.3 சதவீதம். தொற்றும் சர்க்கரையும் சேர்ந்தே இருந்தவர்களிடம் சில அழற்சிச் சமிக்ஞைகள் குறைவாக இருந்தன.

பார்க்கக் கச்சிதமாக இருக்கிறது. ஆனால் இது ஒரே சமயத்தில் எடுத்த படம். புழு இருந்ததால் சர்க்கரை வரவில்லையா, இல்லை கொசு அதிகம் கடிக்கும் இடத்தில், உடல் உழைப்போடு, வேறு சாப்பாட்டோடு வாழ்ந்தவர்களுக்கு இரண்டும் அப்படி அமைந்ததா என்று படம் பேசாது.

புழுவை நீக்கிப் பார்த்த ஆய்வு உண்டா?

உண்டு, இந்தோனேசியாவின் ஃப்ளோரஸ் தீவில். ஒரு பகுதியினருக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஒவ்வொரு முறையும் மூன்று நாள் அல்பெண்டசோல் என்ற பூச்சி மாத்திரை, இப்படி ஒரு வருடம். மற்றவர்களுக்கு வெறும் போலி மாத்திரை. முடிவு 2017-ல் வந்தது. ஊர் மொத்தத்தையும் சேர்த்துப் பார்த்தால் இன்சுலினுக்குக் கட்டுப்படாத தன்மையில் வித்தியாசம் இல்லை. முதலில் புழு இருந்தவர்களை மட்டும் எடுத்துப் பார்த்தால், மாத்திரை சாப்பிட்டவர்களிடம் அது கூடியிருந்தது. சர்க்கரை நோயே வந்துவிட்டது என்று அர்த்தம் இல்லை. அந்தத் திசையில் ஓர் அடி, அவ்வளவுதான்.

அப்படியானால் பூச்சி மாத்திரை போடாமல் விட்டுவிடலாமா?

கூடவே கூடாது. சித்தியிடம் குரலை உயர்த்திச் சொன்னது இந்த இடத்தில்தான்.

கொக்கிப்புழு குடல் சுவரைக் கடித்து இரத்தம் குடிக்கும். சோகை, வளர்ச்சிக் குறைவு, பிள்ளைகள் வகுப்பில் சோர்ந்து விழுவது எல்லாம் அதன் கைவரிசை. பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 தேதிகளை ஒட்டி அங்கன்வாடியிலும் பள்ளியிலும் அல்பெண்டசோல் கொடுப்பது அதற்காகத்தான். யானைக்கால் வந்தவரிடம் போய் 'உங்களுக்குச் சுகர் வராது' என்று ஆறுதல் சொல்ல முடியுமா? என்றோ வரக்கூடிய ஒரு நோய்க்குப் பயந்து இன்றைக்குத் தின்னும் ஒன்றை வளர்ப்பது கணக்கே இல்லை. சர்க்கரைக்கு நடை இருக்கிறது, சாப்பாட்டு அளவு இருக்கிறது, மருந்து இருக்கிறது.

எடை குறைய நாடாப்புழு மாத்திரை என்று ஆன்லைனில் பார்த்தேன்.

அதைத் தொடாதீர்கள். பன்றி நாடாப்புழு குடலில் இருப்பவர் தன் மலத்தில் வரும் முட்டையைத் தானே கை வழியாக விழுங்கிவிடலாம். அந்த முட்டையில் வரும் இளம்புழு மூளையில் போய்த் தங்கினால் வலிப்பு வரும். நம் நாட்டில் வலிப்புக்கு இது ஒரு முக்கியமான காரணம்.

எனக்குச் சர்க்கரை இருக்கிறது. ஒட்டுண்ணி விஷயத்தில் நான் கவனிக்க வேண்டியது ஏதாவது?

ஒன்று இருக்கிறது, பலருக்குத் தெரியாதது. ஸ்ட்ராஞ்சிலாய்டிஸ் என்ற நூல் போன்ற புழு. வெறுங்காலோடு ஈர மண்ணில் நடக்கும்போது தோல் வழியே ஏறும். தமிழ்நாட்டுக் கிராமங்களிலும் உண்டு. மற்றக் குடற்புழுக்கள் மாதிரி இல்லாமல் இது உடம்புக்குள்ளேயே தலைமுறை தலைமுறையாகப் பெருக வல்லது. இதனால் பல பத்தாண்டுகள் சத்தமில்லாமல் இருக்கும். ஆஸ்துமாவுக்கோ மூட்டுவலிக்கோ தோல் நோய்க்கோ நிறைய ஸ்டீராய்டு கொடுக்கும்போது கட்டவிழ்ந்து நுரையீரல், இரத்தம் என்று பரவி உயிரையே எடுக்கும்.

ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றும் என்பது எல்லா டாக்டரும் சொல்வது. வயல் வேலை, செங்கல் சூளை, வெறுங்கால் பழக்கம் என்று உங்கள் பின்னணி இருந்தால், நீண்ட நாள் ஸ்டீராய்டு தொடங்கும் முன் இந்தப் புழுவைப் பற்றியும் நீங்களே வாய்விட்டுக் கேளுங்கள். இரத்தப் பரிசோதனை அறிக்கையில் ஈசினோபில் கூடியிருந்தால் அதையும் எடுத்துக் காட்டுங்கள். இதற்கு ஐவர்மெக்டின் என்ற மாத்திரை இருக்கிறது. ஒற்றை அல்பெண்டசோலை நம்பி இருக்க முடியாது.

சாகஸ் நோய் இந்தியாவுக்கு வருமா?

அந்தப் பூச்சிகளுக்கு ஒரு சொந்தக்காரன், டிரையடோமா ருப்ரோஃபேசியாட்டா, இங்கேயும் இருக்கிறது. கடித்தால் வீங்கும், சிலருக்கு ஒவ்வாமை வரும். ஆனால் குரூசி ஒட்டுண்ணி இங்கே பூச்சி வழியாகப் பரவுவதில்லை. நம் ஊர் மாடு, ஒட்டகம், குதிரைகளுக்கு 'சர்ரா' என்ற நோயைத் தரும் டிரிப்பனோசோமா எவான்சி வேறு. அது மனிதரைத் தொற்றாது என்றே நம்பியிருந்தோம். 2004-ல் மகாராஷ்டிராவில் ஒரு விவசாயியின் இரத்தத்தில் அது இருந்தது. ஆராய்ந்தபோது, மனித இரத்தத்தில் இந்த ஒட்டுண்ணியைக் கொல்லும் ஏபிஓஎல்-1 என்ற புரதம் அவர் உடம்பில் இல்லவே இல்லை என்று தெரிந்தது. அந்தப் புரதம் நம் இரத்தத்தில் பயணம் செய்வது, டாக்டர்கள் 'நல்ல கொழுப்பு' என்று சொல்கிறார்களே, அந்த எச்டிஎல் துகள்மேல் ஏறித்தான்.